நாலு விரல் கூடுதல்

பள்ளிச் சீருடைக் கடையில் அளவெடுக்கும் அந்தப் பெண்ணைக் கழுத்தில் டேப் இல்லாமல் யாரும் பார்த்ததில்லை. அவளுக்கும் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. ஓட்டுப் போடப் போகிற நாளில் மட்டும் அதற்கு வேலை வரும். மற்ற நாளெல்லாம் அவள் டேப் அக்கா. அந்தப் பேட்டையில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளில் பாதிக்கு மேல் அவள் கைக்கு இடுப்பைக் கொடுத்து, கிச்சுகிச்சு தாங்காமல் நெளிந்தவர்கள்தான்.

டேப் என்று பெயரே தவிர, டேப்புக்கு அவளிடம் பெரிய வேலை கிடையாது. பிள்ளை வாசற்படி ஏறும்போதே அவள் கண் அதன் தோளில் போய் உட்கார்ந்துவிடும். "இருபத்தாறு!" என்று உள்ளே குரல் கொடுப்பாள். உள்ளே தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும் டெய்லர் அண்ணன் அலமாரியிலிருந்து இருபத்தாறை உருவிப் போடுவார். அதற்குப் பிறகு பிள்ளையைக் கல்லாவுக்குப் பக்கத்தில் கிடக்கும் மரக்கட்டையின் மேல் ஏற்றி, டேப்பை அங்கே இங்கே வைத்து எடுப்பதெல்லாம் பெற்றவர்கள் மனத்திருப்திக்கு. அந்தக் கட்டை ஒரு சாண் உயரம். அதில் ஏறியதும் எந்த வாலுப் பிள்ளையும் சிலை மாதிரி நிற்கும். ஏன் என்று யாருக்கும் தெரியாது.

அவள் குள்ளம். தூணில் ஓர் ஆணி அடித்து அதில் பள்ளி டைகளைக் கொத்தாக மாட்டியிருப்பார்கள். அவள் தலைக்கு மேலே நன்றாக ஒரு முழம் தள்ளி இருக்கிற ஆணி. டை எடுக்கிறபோதெல்லாம் டெய்லர் அண்ணன், "மெதுவா, வானத்துல இடிச்சுக்கப் போற" என்பார். அவள் கண்டுகொள்ள மாட்டாள். உயரத்தில் விட்டதைக் கண்ணில் பிடித்துவிட்டவள் என்கிற மிதப்பு அவளுக்கு இருந்தது. பதினோரு வருடத்தில் அவள் கண் சொல்லி வெளியே போன ஓர் உடுப்புகூட அளவு சரியில்லை என்று திரும்பி வந்ததில்லை. அந்த மிதப்பு நியாயமானதுதான்.

அப்புறம் நோய் வந்தது. பள்ளிக்கூடங்களை மூடினார்கள். பள்ளிக்கூடம் இல்லாத ஊரில் சீருடைக் கடைக்கு என்ன சோலி? அதையும் மூடினார்கள். இரண்டு மாதம் கழித்துப் பள்ளிக்கூடம் செல்போனுக்குள் திறந்தது. செல்போனில் படித்தாலும் சீருடை போட்டுத்தான் படிக்க வேண்டும் என்று எந்தப் புண்ணியவானோ உத்தரவு போட, கடைக்குப் பாதி உயிர் வந்தது. பாதிதான். சட்டை விற்றது, டை விற்றது. கால்சட்டையைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. இடுப்புக்குக் கீழே என்ன இருக்கிறது என்று செல்போனுக்குத் தெரியாதல்லவா? ஒரு பையன் மேலே டை வரைக்கும் கட்டிக்கொண்டு, டீச்சர் பெயர் கூப்பிட்டதும் பழக்க தோஷத்தில் எழுந்து நின்றுவிட்டானாம். கீழே துண்டு. அதுவும் அவிழ்கிற நிலையில். அந்த வகுப்பு அன்றைக்கு அதோடு முடிந்தது.

கடை திறந்த அன்றுதான் டேப் அக்காவின் வீட்டில் சிக்கல் ஆரம்பித்தது. அவள் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். மருந்தும் அரிசியும் ஓடியே ஆக வேண்டுமென்று அவரை ஊர் ஊராக விரட்டினார்கள். அவளுக்குக் கடை. மகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. பள்ளி மூடியிருக்கிறது, கடை திறந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஆறு வயதுப் பிள்ளையை எங்கே வைப்பது? பக்கத்து வீடுகளில் கதவைத் திறக்கவே பயந்தார்கள். கடைசியில் வீட்டுக்காரர், "எங்க தங்கச்சி வீட்டுல விட்டுட்டு வரேன். ரெண்டே வாரம். கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள ஓடிப்போயிரும்" என்றார். நாத்தனாரும் போனில், "நம்ம பொண்ணுதானே, அனுப்பி வை அண்ணி" என்றாள். நல்ல மனுஷி. பிள்ளையைத் தங்கமாகப் பார்த்துக்கொள்வாள் என்பதில் சந்தேகமே இல்லை.

மகளை அவள் கூப்பிடுவது சிட்டு என்று. லாரியின் முன்சீட்டில் ஏற்றிவிடும்போது சிட்டுவின் தலை அவள் இடுப்புக்குச் சற்று மேலே முட்டியது. அளவு இருபத்துநாலு. ரெண்டு வாரம் என்று சொன்னது, ஊர் எல்லைகளை அடைத்ததில் ரெண்டு மாதமாகி, திறந்து, மறுபடி அடைத்து, பதினாலு மாதமாக இழுத்துவிட்டது. லாரிக்கு வழி விட்டார்கள். லாரியில் பிள்ளைக்கு வழி விடவில்லை.

கடைக்குப் புதுச் சட்டங்கள் வந்திருந்தன. வாசலில் கயிறு. கயிற்றுக்கு அந்தப் பக்கம் வட்டம் வட்டமாகச் சுண்ணாம்புக் கோடு. வட்டத்துக்கு ஒரு ஆள். யாரும் உள்ளே வரக் கூடாது. போட்டுப் பார்க்கக் கூடாது. முக்கியமாக, பிள்ளைகளைக் கூட்டி வரவே கூடாது. பிள்ளை இல்லாமல் பிள்ளைக்கு அளவெடுப்பது எப்படி என்று சட்டம் போட்டவர்கள் சொல்லவில்லை. முதலாளி வீட்டில் பத்திரமாக உட்கார்ந்துகொண்டு போனில், "உன் கண்ணு இருக்கே, சமாளி" என்றார்.

வகுப்பைக் கேட்டு அளவு கொடுக்கலாமே என்பீர்கள். ஒரே வகுப்பில் மூங்கில் மாதிரி ஒன்று இருக்கும், பூசணி மாதிரி ஒன்று இருக்கும். அதெல்லாம் நடக்காது. முதல் நாள் முதல் வட்டத்தில் நின்ற ஒரு அம்மாவிடம் அவள் கேட்டாள்.

"பையன் எவ்வளவு உயரம் இருப்பான்?"

அந்த அம்மா யோசிக்கவே இல்லை. வலது கையை நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து, காற்றில் ஓர் இடத்தில் நிறுத்தினாள். "இந்தா, இவ்வளவு இருப்பான்."

டேப் அக்கா கயிற்றைத் தாண்டி முழங்காலிட்டு, தரையிலிருந்து அந்த உள்ளங்கை வரைக்கும் டேப்பைப் பிடித்தாள். நடுவே ஒன்றுமில்லை, வெறும் காற்று. "குண்டா ஒல்லியா?" என்றாள். அந்த அம்மா இரண்டு கைகளையும் வளைத்து இடுப்பு காட்டினாள். அதையும் அளந்தாள். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. காலையில் ஷட்டரைத் தூக்கினால் தெரு முழுக்க மனிதர்கள், வட்டத்துக்கு ஒருவராக, ஒரு கையைக் காற்றில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். இரண்டு பிள்ளை பெற்றவர்கள் இரண்டு கையையும் வைத்திருப்பார்கள். கை வலித்தாலும் கீழே விட மாட்டார்கள், அளவு மாறிவிடுமாம்.

பத்து நாளில் உடுப்புகள் திரும்பி வர ஆரம்பித்தன. ஒன்று, ரெண்டு, அப்புறம் பை பையாக. அத்தனையும் குட்டை.

"என்னம்மா, இப்படிச் சின்னதாக் குடுத்துட்டீங்க?" என்று சண்டைக்கு வந்தாள் ஒரு அம்மா.

"நீங்கதான் சின்னதாக் காட்டினீங்க."

"நான் பெத்த பிள்ளை எவ்வளவு உயரம்னு எனக்குத் தெரியாதா? ராத்திரி பகலா என் கூடவேதான் கெடக்குது!"

டேப் அக்காவுக்கு முகம் செத்துப்போனது. பதினோரு வருடத்துப் பெயர் பத்து நாளில் போயிற்றே என்று அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. திரும்பி வந்ததையெல்லாம் மேசையில் பரப்பி, காட்டிய உயரத்தையும் உண்மையான உயரத்தையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். ஒப்பிட ஒப்பிட அவளுக்குச் சிரிப்பு வந்தது. எல்லாரும் ஒரே மாதிரித்தான் தப்பு செய்திருந்தார்கள். படித்தவர், படிக்காதவர், முதல் பிள்ளைக்காரி, மூணாம் பிள்ளைக்காரி, யாரை எடுத்தாலும் நாலு விரல் குறைவு. அப்பாக்கள் மட்டும் ஆறு விரல்.

"ஏன் அண்ணே எல்லாரும் குறைச்சே காட்டுறாங்க?" என்று டெய்லர் அண்ணனிடம் கேட்டாள்.

அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "கையில தூக்கிச் சுமந்த நெனப்பு. கண்ணு வளர்ந்ததைப் பாத்தாலும் கை ஒத்துக்காது" என்றார். அவருக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவனுக்கு மீசை வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. காட்டின உயரத்துக்கு மேல் தன் நாலு விரலை வைத்து, அப்பாக்கள் என்றால் ஆறாக்கி, அங்கிருந்து அளவு சொன்னாள். ஓர் உடுப்பும் திரும்பி வரவில்லை. பெயர் மறுபடி ஒட்டிக்கொண்டது.

ஆனால் அந்தக் காற்றுப் பிள்ளைகள் அவளை விடவில்லை. தினமும் நூறு முறை வெறுங்காற்றை அளந்தால் மனம் சும்மா இருக்குமா? முதலில் உயரம் மட்டும்தான் இருந்தது. பிறகு கைக்கு அடியில் ஒரு தலை தெரிந்தது. தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரியது ஒன்று, வாரவே விடாதது ஒன்று. ஒன்று அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு நிற்கும். ஒன்று சுண்ணாம்பு வட்டத்தைக் கட்டைவிரலால் அழிக்கும். டேப்பை இடுப்புக்குக் கொண்டுபோனால் ஒன்று நெளிந்தது என்று அவள் சத்தியம் செய்வாள். "ஆடாம நில்லு கண்ணு" என்று ஒருநாள் வாய்விட்டுச் சொல்லியும்விட்டாள். அந்தப் பிள்ளையின் அப்பா கையைக் காற்றில் வைத்தபடியே, "ஆமாங்க, எங்க போனாலும் இதே சேட்டைதான்" என்றார். இரண்டு பேருக்கும் அதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

சாயங்காலம் ஷட்டரை இறக்கி வீட்டுக்கு நடக்கும்போது தெருவில் ஈ காக்கை இருக்காது. வெயில் சாய்ந்து, மூடின கடைகளின் ஷட்டர்கள் மேல் மஞ்சளாகப் படிந்திருக்கும். அந்த வெளிச்சத்தில் அன்றைக்கு அளந்த பிள்ளைகள் எல்லாம் அவளுக்கு முன்னும் பின்னும் நடந்து வருவார்கள். சீருடை போட்டு, சத்தமே இல்லாமல், வரிசை கலையாமல். சந்து திரும்பும் இடத்தில் அவள் ஓரமாக ஒதுங்கி அவர்களுக்கு வழி விடுவாள். நிஜப் பிள்ளைகள் இவ்வளவு ஒழுங்காகப் போகாது என்று அவளுக்கும் தெரியும். தெரிந்தாலும் ஒதுங்குவாள்.

அந்த வரிசையில் சிட்டு மட்டும் இருந்ததே இல்லை.

சிட்டுவோடு தினமும் பேசினாள். நாத்தனார் போனைக் கொடுப்பாள். சிட்டு அதை மூக்குக்கு முன்னால் பிடித்துக்கொள்வாள். திரை முழுக்க ஒரு கண், இல்லை பாதி நெற்றி, இல்லை விழுந்த பல்லின் ஓட்டை. "கொஞ்சம் தள்ளி நில்லுடி, அம்மா உன் உயரத்தைப் பாக்கணும்" என்றால் ஓடிப்போய்ச் சுவரோரம் நிற்பாள். அங்கே கட்டைவிரல் உயரத்துக்குத்தான் தெரிவாள். போனுக்குள் யார்தான் கட்டைவிரலுக்கு மேல் வளர்கிறார்கள்?

"எவ்வளவு வளர்ந்திருக்கா?" என்று நாத்தனாரைக் கேட்டால், "நல்லா வளர்ந்திருக்கா அண்ணி" என்பாள். நல்லா என்பது எத்தனை அங்குலம்? அந்தப் பக்கம் லோடு போனபோது ரெண்டு தடவை வாசலோடு நின்று பார்த்து வந்த வீட்டுக்காரரைக் கேட்டால், கையை ஒரு தடவை தொடையில் வைத்துக் காட்டுவார், மறு தடவை நெஞ்சில். இரண்டுக்கும் நடுவில் ஒரு தொழுவமே கட்டலாம். அவரிடம் கேட்பதை விட்டுவிட்டாள்.

ஒருநாள் அடுப்படியில் நின்றபோது அவள் கை தானாகக் காற்றில் எழுந்தது. இடுப்புக்குச் சற்று மேலே போய் நின்றது. அவள் அப்படியே நின்றாள். ஊர்ப் பிள்ளையெல்லாம் தெரிந்த கண்ணுக்கு, அந்தக் கைக்கு அடியில் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு என் பிள்ளையைத் தெரியாமல் போய்விட்டதோ என்று அன்றைக்குத்தான் முதல் முதலாகப் பயந்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அதைத் துடைத்துக்கொண்டே அழுதாள்.

பிறகு ஒரு புதன்கிழமை அறிவிப்பு வந்தது. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். ஊர் எல்லையும் திறக்கிறது. வீட்டுக்காரர் போன் செய்து, "லோடு இறக்கிட்டு ஞாயித்துக்கிழமை சிட்டுவைக் கூட்டிட்டு வந்துடுறேன்" என்றார். அவள் அந்தப் போனைக் கொஞ்ச நேரம் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் நேரே டெய்லர் அண்ணனிடம் போனாள்.

"அண்ணே, சிட்டுவுக்கு ஒரு கவுன் தைக்கணும். ரெடிமேட் வேணாம். நீங்க உங்க கையால தைங்க."

சின்ன வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டைக்கு மேலே நீலத்தில் கையில்லாத கவுன். தோளிலிருந்து கீழ்விளிம்பு வரை உள்ள நீளம்தான் அதன் அளவு. டெய்லர் அண்ணன் நீலத் துணியைப் பிரித்தார். "எத்தனை?"

அவள் கையைக் காற்றில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு வைத்தாள். கை இறங்கி, ஏறி, ஓர் இடத்தில் நின்றது. கண்ணைத் திறந்து தானே டேப்பைப் பிடித்துப் பார்த்தாள்.

"இருபத்தாறு."

"நாலு விரல் ஏத்தினியா?"

"அதெல்லாம் மத்தவங்களுக்கு அண்ணே. அவங்க கண்ணுக்குத் தெரியாது. எனக்கு என் கண்ணு தப்பாது."

"அதுக்கில்லம்மா, எதுக்கும் ஒரு..."

"இருபத்தாறுன்னா இருபத்தாறு!"

சொன்ன வேகத்தில் அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. டெய்லர் அண்ணன் கத்தரியை எடுத்தார். அவள் ஏன் கத்தினாள் என்றால், நாலு விரல் ஏற்றினால் மற்ற அம்மாக்கள் மாதிரி அவளும் ஒரு அம்மாவாகிவிடுவாள். பிள்ளை கூடவே இருந்தும் அவர்களுக்கே நாலு விரல் தப்புகிறது. பதினாலு மாதம் பார்க்காதவளுக்கு எவ்வளவு தப்பும்? அந்தக் கணக்கைப் போட அவளுக்குத் தைரியமில்லை. கவுன் சரியாகப் பொருந்திவிட்டால் போதும், பிள்ளை தன்னை விட்டு எங்கேயும் போகவில்லை என்று நம்பிக்கொள்ளலாம். அவள் பிடித்துக்கொண்டிருந்தது அதை மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை கவுன் தயாரானது. இஸ்திரி போட்டு, பாலித்தீன் உறையில் இட்டு, கல்லாவுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். போகும்போதும் வரும்போதும் குனிந்து பார்த்துக்கொண்டாள்.

சனிக்கிழமை கூட்டம் அள்ளியது. சுண்ணாம்பு வட்டம் தெருமுனை தாண்டி, மருந்துக் கடை தாண்டிப் போயிருந்தது. வட்டத்துக்கு ஒரு ஆள், ஆளுக்கு ஒரு கை காற்றில். டேப் அக்கா தலையில் தொப்பி, மூக்குக்கு முகக்கவசம், அதற்கு மேல் நெற்றியிலிருந்து தாடை வரை கண்ணாடித் தடுப்பு, முதலாளி வாங்கிக் கொடுத்த நீலக் கோட்டு என்று பொட்டலம் கட்டின மாதிரி இருந்தாள். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது. நிமிர நேரமில்லை. காட்டின கை, நாலு விரல், டேப், அளவு. அடுத்த வட்டம்.

"முப்பது!" உள்ளே டெய்லர் அண்ணன் உருவிப் போட்டார்.

"இருபத்துநாலு!"

சாயங்கால வெயில் ஷட்டர்கள் மேல் படிய ஆரம்பித்த நேரம். அவளுக்குத் தலை லேசாகச் சுற்றியது. காலையிலிருந்து அளந்த பிள்ளைகள் அத்தனை பேரும் வீட்டுக்குப் போகாமல் கடை வாசலிலேயே நிற்பது மாதிரி இருந்தது. சீருடை போட்டுக்கொண்டு, சத்தமில்லாமல். அவள் கண்ணைக் கசக்க முடியாது, தடுப்பு இருக்கிறது. அடுத்த வட்டத்துக்குத் திரும்பினாள். அங்கே கை இல்லை. கைக்கு அடியில் இருக்க வேண்டியது மட்டும் இருந்தது. ஒரு பிள்ளை, தனியாக.

காற்றுப் பிள்ளைகளில் ஒன்று என்றுதான் முதலில் நினைத்தாள். கண் பழக்கப்படி தோளில் போய் உட்கார்ந்தது. இத்தனை நாளில் இவ்வளவு தெளிவாக ஒரு தோள் தெரிந்ததில்லை என்று தோன்றியது. வாய் தன் பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

"இருபத்தெட்டு!"

"எனக்கு டிரஸ் வேணாம்," என்றது அந்தப் பிள்ளை. "எங்கம்மாவைப் பாக்க வந்தேன். எங்கம்மா இந்தக் கடையிலதான் வேலை பாக்குறாங்க."

தினமும் போனில் கேட்கிற குரல். பல் விழுந்த இடத்தில் காற்றுப் போகிற குரல்.

டேப் அக்காவின் கையிலிருந்து டேப் நழுவியது. தெருமுனையில், வழியை அடைத்தபடி வீட்டுக்காரரின் லாரி நின்றது. அவர் இறங்கி, யாரோ ஹாரன் அடித்ததற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். லோடு ஒருநாள் முன்னாலேயே இறங்கிவிட்டது போலிருக்கிறது. அதிசயம் காட்டுகிறேன் என்று பிள்ளையை வரிசையில் நிற்க வைத்திருக்கிறார். அந்த மனிதருக்கு இந்த மாதிரி வேலையெல்லாம் நன்றாக வரும்.

அவளுக்கு வாயே திறக்கவில்லை. பெற்ற பிள்ளையை ஊரான் பிள்ளை மாதிரி அளந்து நம்பர் போட்டுவிட்டேனே என்று உறைத்தது. முகத்தைப் பார்க்கத் தோன்றவில்லை, தோளைத்தான் பார்த்தாள். ஆனாலும் அவள் கண் தப்பவில்லை, அதுதான் கொடுமை. இருபத்தெட்டு. கல்லாவுக்கு அடியில் இருப்பது இருபத்தாறு. நடுவில் போன பதினாலு மாதமும் அவளுக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருந்தது.

சிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தாள். தொப்பியை, தடுப்பை, நீலக் கோட்டைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, அவளைத் தாண்டிக் கடைக்குள்ளே எட்டிப் பார்த்தாள், யாரையோ தேடுகிற மாதிரி.

உள்ளே மிஷின் நின்றது. டெய்லர் அண்ணன் எழுந்து வாசலுக்கு வந்தார். ஒரே பார்வையில் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. சிரிப்பை முகக்கவசத்துக்குள் அடக்கிக்கொண்டு கேட்டார்.

"உங்கம்மா எப்படி இருப்பாங்க பாப்பா?"

"உயரமா இருப்பாங்க."

"எவ்வளவு உயரம்?"

சிட்டு கையைத் தூக்கி உள்ளங்கையைக் கவிழ்த்தாள். போதவில்லை. நுனிக்காலில் நின்றாள். அதுவும் போதவில்லை. ஒரு குதி குதித்துப் பார்த்தாள். பிறகு சுற்றும் முற்றும் தேடி, தூணில் டை தொங்குகிற ஆணியைக் காட்டினாள். "அதோ, அங்க வரைக்கும் இருப்பாங்க."

வரிசையில் கையைக் காற்றில் வைத்திருந்தவர்கள் எல்லாரும் அந்த ஆணியைப் பார்த்தார்கள். டெய்லர் அண்ணன் வழக்கம்போலக் கேலி எதுவும் செய்யவில்லை. கல்லாவுக்கு அடியில் குனிந்து பாலித்தீன் உறையை எடுத்தார். கவுனை உருவி, கீழ்விளிம்பைப் புரட்டிக் காட்டினார். உள்ளே தடிப்பாக ஒரு மடிப்பு. டேப் அக்கா டேப் வைத்து அளக்கவே வேண்டாம். சரியாக நாலு விரல். அவர் வாசற்படியில் உட்கார்ந்து, பல்லால் நூலைக் கடிக்க முகக்கவசம் விடவில்லை என்று பிளேடை எடுத்து, தையலைப் பிரிக்க ஆரம்பித்தார்.

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. நாங்கள் எல்லாம் குறைத்துக் காட்டுகிறோம், இந்தப் பிள்ளைகள் கூட்டிக் காட்டுகின்றன என்று நினைத்தாள். பதினாலு மாதமாக இந்தச் சின்னக் கை காற்றில் தன்னை எங்கே வைத்திருந்தது என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, தாங்க முடியாத சந்தோஷமாகவும் இருந்தது. அம்மா இவ்வளவுதான் என்று இப்போது சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்த ஆணியிலிருந்து கீழே இறங்கி வர அவளுக்கு மனமில்லை.

கல்லாவுக்குப் பக்கத்தில் கிடந்த மரக்கட்டையைக் காலால் இழுத்து, தூணுக்கு அடியில் போட்டாள். அதன் மேல் ஏறினாள். இத்தனை வருடத்தில் அவள் அதில் ஏறியதே இல்லை. கண்ணாடித் தடுப்பைக் கழற்றினாள். தொப்பியைக் கழற்றினாள். முகக்கவசத்தையும் இறக்கினாள். பிள்ளைகள் அந்தக் கட்டையில் ஏறியதும் ஏன் ஆடாமல் நிற்கின்றன என்பது அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது. யாரோ நம்மைப் பார்த்து, நாம் எவ்வளவு என்று சொல்லப் போகிறார்கள். அதற்குத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது.

சிட்டு கயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள், ஆணியைப் பார்த்தாள், மறுபடி முகத்தைப் பார்த்தாள். கண்கள் விரிந்தன. ஆனால் அளவு என்றால் அளவுதான். டேப் அக்கா பெற்ற பிள்ளையாயிற்றே. ஒரு கண்ணை மூடி, நாலு விரலைச் சேர்த்து நீட்டி, அம்மாவின் தலைக்கும் ஆணிக்கும் நடுவில் வைத்துப் பார்த்தாள்.

"இன்னும் இவ்வளவு இருக்கும்மா," என்றாள்.

டேப் அக்கா நுனிக்காலில் நின்றாள்.